முப்பது ஆட்டங்கள்

அவன் சாக்பீஸ் பிடிக்கும் விதமே தனி. வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளை டேப்பால் இறுக்கச் சுற்றியிருப்பான். மிச்சமுள்ள மூன்று விரல்களால் சாக்பீஸைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவான். எண் எட்டை ஒரே இழுப்பில் போட வராது. இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பான். ஏதோ கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டான் போல என்று நினைத்தேன். மூன்றாவது வாரமும் டேப் அப்படியே இருந்தது. ஆனால் விரல்கள் மாறியிருந்தன. இப்போது இடது கை.

அது 1987 செப்டம்பர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சிப் படிப்புக்காகத் திருச்சியிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குக் கிடைத்த உதவித்தொகைக்கு ஈடாக, இளங்கலை மாணவர்களின் நிகழ்தகவு வகுப்புக்கு வீட்டுப்பாடம் திருத்தித் தர வேண்டும். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க வேண்டும். பெரும்பாலான வாரங்களில் அந்த ஒருவன் மட்டும்தான் வருவான். தலை ஈரமாக இருக்கும். நாற்காலியில் உட்காரும்போது முழங்காலை மடக்காமல் காலை நீட்டியபடியே மெல்ல இறங்குவான், எங்கள் தெருவில் வாதக்காரத் தாத்தாக்கள் திண்ணையில் உட்காருவது மாதிரி. அவனுக்கு வயது இருபத்தொன்று.

நான்காவது வியாழக்கிழமைதான் கேட்டேன். கல்லூரி ஃபுட்பால் அணியில் ஆடுகிறேன் என்றான். அப்படியா, அணி எப்படி என்று கேட்டேன். ஊருக்குப் புதிது, எனக்கு எதுவும் தெரியாது. அவன் முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னான்: "நான் வந்ததிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லை."

இந்த சீசனிலா என்றேன்.

"இல்லை. எப்பவுமே."

அதை அவன் சொன்ன தொனியை இன்றுவரை மறக்கவில்லை. புகாரும் இல்லை, வெட்கமும் இல்லை. பஸ் இந்த வழியாகப் போகாது என்று வழி கேட்டவரிடம் சொல்வது போல இருந்தது.

கொலம்பியா அணியின் அந்தத் தொடர் தோல்வியை அமெரிக்காவில் விளையாட்டுப் பக்கம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1983 அக்டோபர் 15 அன்று யேல் அணியை 21க்கு 18 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு ஜெயிக்கவில்லை. 1984ல் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. 1985ல் பத்துக்குப் பத்து. 1986லும் அப்படியே. 1987லும் அப்படியே. 1983ன் கடைசி இரண்டு ஆட்டத்தையும் 1988ன் முதல் மூன்றையும் சேர்த்தால் மொத்தம் 44 தோல்விகள், இடையில் ஒரு சமன்கூட இல்லாமல். இந்தக் கதையை எழுதும் எல்லோரும் அது முடிந்த நாளைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது முடிவதற்கு முன்னால் படிப்பை முடித்துப் போய்விட்டவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஐவி லீக் என்று அழைக்கப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களில், அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான ஃபுட்பால் அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி. ஆக ஒரு மாணவனுக்குக் கிடைப்பது மூன்று சீசன். 1984ல் சேர்ந்து 1988 மே மாதம் பட்டம் வாங்கிய பையன்களுக்கு அந்த மூன்றும் 1985, 1986, 1987. முப்பது ஆட்டம், முப்பது தோல்வி. அவர்கள் பட்டமளிப்பு அங்கியைக் கழற்றி ஐந்து மாதத்துக்குள் அணி ஜெயித்தது. என் வியாழக்கிழமை மாணவன் அந்த முப்பதின் ஆள்.

அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயரில்தான் கால் இருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் கையாலும் தோளாலும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தை எறிபவன் குவார்ட்டர்பேக். பத்திரிகையில் படம் வருவது அவனுக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். எதிரணி ஆட்கள் அவனை நெருங்காமல் தடுத்துத் தள்ளுவதுதான் அவர்கள் வேலை. அந்த ஐவரில் ஒருவன் இவன். பந்தை எறிவதும் பிடிப்பதும் அவன் வேலை இல்லை. ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது முறை, தன்னைவிடக் கனமான ஒருவன் மேல் மோத வேண்டும். கை எப்போதும் எதிராளியின் நெஞ்சுக்கவசத்துக்கும் ஹெல்மெட்டின் கம்பிக்கும் நடுவில் இருப்பதால் விரல் போகும். முதலில் சுண்டு விரல்தான். அந்த டேப்பின் கதை அதுதான்.

கொலம்பியா என்றால் அறிவாளிகளின் பள்ளி, விளையாட்டு அவர்களுக்கு வராது என்று அப்போதே சொல்வார்கள். அது சரியில்லை. 1934 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவில் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டம். மழையில் ஊறிச் சேறான மைதானத்தில் ஸ்டான்ஃபோர்டை 7க்கு 0 என்று சாய்த்தவர்கள் இவர்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிரணிக்குத் தெரியாமல் மறைத்துக் கொடுக்க, அதை வாங்கிக்கொண்டு அல் பராபஸ் கோட்டைத் தாண்டினார். அந்த உத்திக்கு கே-எஃப்-79 என்று பெயர். ஐம்பது வருடம் கழித்தும் கல்லூரியில் அந்தப் பெயரை மாமனார் பெயர் மாதிரி மரியாதையோடு சொல்வார்கள். 1947ல் 32 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த ஆர்மி அணியை, அதாவது ராணுவக் கல்லூரி அணியை, 21க்கு 20 என்று நிறுத்தியதும் இவர்கள்தான். லூ லிட்டில் என்ற ஒரே பயிற்சியாளர் 1930லிருந்து 1956 வரை இருந்தார். பிறகு 1961ல் ஹார்வர்டுடன் சேர்ந்து ஐவி பட்டத்தைப் பகிர்ந்துகொண்டதோடு நல்ல காலம் முடிந்தது.

ஏன் முடிந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது; ஆனால் அது எட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் பொது. எனக்குக் கண்ணில் பட்ட காரணம் தூரம். கல்லூரி இருப்பது 116ஆம் தெருவில். மைதானம் மன்ஹாட்டன் தீவின் வடக்கு முனையில், 218ஆம் தெருவில். நூறு தெரு இடைவெளி, எட்டு கிலோமீட்டர். ஹார்வர்டிலோ பிரின்ஸ்டனிலோ மாணவன் விடுதியிலிருந்து நடந்து மைதானத்துக்குப் போவான். இங்கே ஆட்டக்காரர்கள் தினமும் மத்தியானம் வகுப்பு முடிந்து பஸ் ஏறி, பயிற்சி முடிந்து இருட்டில் பஸ் ஏறித் திரும்புவார்கள். எனவே கல்லூரிக்கு அவர்கள் தென்படவே மாட்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவனுக்கே தெரியாது. பிறகு ஒன்று இன்னொன்றை இழுத்தது: தோற்கும் அணிக்கு நல்ல பையன்கள் வரமாட்டார்கள், வராததால் தோற்கும். எட்டு வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்கள். 1928ல் கட்டிய மர கேலரியை இடித்துவிட்டு 1984ல் புதுக் காங்கிரீட் மைதானம் திறந்தார்கள். பதினேழாயிரம் பேர் உட்காரலாம். அந்த மைதானம் நான்கு வருடம் ஒரு வெற்றியைப் பார்க்கவில்லை.

1985 பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அங்கேதான் வேர். அந்த வருடம் ஜிம் கேரட் பயிற்சியாளராக வந்தார். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். தன் பையன்களில் மூவரைக் கொலம்பியாவுக்கே அழைத்து வந்தார். முதல் ஆட்டம் ஹார்வர்டுடன். கொலம்பியா 17க்கு 0 என்று முன்னிலை எடுத்தது. கேலரியில் இருந்தவர்கள் தங்கள் கண்ணையே நம்பவில்லை. அதற்குப் பிறகு ஹார்வர்ட் தொடர்ச்சியாக 49 புள்ளி எடுத்தது. ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் கேரட், போதைக்கு அடிமையானவர்களைப் போல இந்தப் பையன்கள் தோல்விக்கு அடிமை என்கிற பொருள்பட ஒரு வாக்கியம் சொன்னார். அது நாடு முழுக்க அச்சானது. சீசன் முடிந்ததும் அவர் விலகினார். பையன்கள் மூவரும் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஹார்வர்ட் ஆட்டம்தான் என் மாணவன் பிரதான அணிக்கு வந்த முதல் ஆட்டம். பத்தொன்பது வயது. அவன் அன்று களத்தில் இறங்கவில்லை, ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பதினேழு புள்ளி எடுத்தபோது தான் என்ன நினைத்தேன் என்பதைப் பிறகு ஒருமுறை சொன்னான்: "இவ்வளவு சுலபமா என்று நினைச்சேன்."

நான் எழுத வந்தது இதையெல்லாம் அல்ல, வியாழக்கிழமைகளை. அக்டோபர் முதல் வாரம் நாங்கள் வடிவியல் பரவலில் இருந்தோம். ஒரு காரியம் நடக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முயற்சியிலும் இவ்வளவு என்றால், முதல் முறை நடப்பதற்கு எத்தனை முயற்சி ஆகும் என்கிற கணக்கு. பாடப்புத்தகத்தில் நாணயம் சுண்டும் உதாரணம். அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எங்கள் அணிக்குப் போடலாமா என்று கேட்டான். சங்கடமாக இருந்தது. அவனுக்கு இல்லை.

நாணயம் என்றால் பாதிக்குப் பாதி. அப்படி வைத்தால் தொடர்ந்து முப்பது தோல்வி என்பது நூறு கோடியில் ஒன்று. ஆக இது நாணயம் இல்லை, எங்கள் அணி உண்மையிலேயே மோசம் என்றான். சரி, பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துப் பார் என்றேன். 0.9ஐ முப்பது முறை பெருக்கினால் நூற்றுக்கு நான்கு. இருபதில் ஒன்று என்று வைத்தால் நூற்றுக்கு இருபத்தொன்று. அதாவது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயிக்க இருபதில் ஒரு வாய்ப்பு உள்ள அணிக்கு, முப்பது சனிக்கிழமை வரிசையாகத் தோற்பது ஒன்றும் அதிசயமில்லை. ஐந்தில் ஒரு அணிக்கு அது நடக்கும். அவன் அந்த எண்ணைக் கரும்பலகையில் வட்டமிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதல் பட்டான் என்று நினைக்கிறேன். சாபம், ராசி, மனநோய் என்று பத்திரிகைகள் எழுதிய எதுவும் தேவைப்படாமல், வெறும் பெருக்கல் அதை விளக்கிவிட்டது.

பிறகு அவன் கேட்டான், இவ்வளவு தோற்றாச்சே, அடுத்தது வருவதற்கான வாய்ப்பு கூடியிருக்கும் அல்லவா?

எல்லா மாணவர்களும் கேட்கும் கேள்வி அது. இல்லை என்பதுதான் பதில். இந்தப் பரவலுக்கு நினைவு கிடையாது. முப்பது தோற்ற பிறகும் முப்பத்தோராவது ஆட்டத்துக்கு அதே இருபதில் ஒன்றுதான். முன்னால் நடந்ததை அது வரவு வைத்துக்கொள்வதில்லை. புத்தகத்திலேயே நினைவின்மைப் பண்பு என்று பெயர் போட்டிருக்கும். அதை நான் ஒரு ஆசிரியனுக்குரிய மிடுக்கோடு சொல்லி முடித்தேன். அவன் டேப் சுற்றிய கையால் நிரூபணத்தை எழுதிக்கொண்டான். அந்த இரவு அறைக்கு நடந்து வரும்போது, அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. கணக்கு சரி. ஆனாலும்.

அக்டோபர் 10, 1987 சனிக்கிழமை பிரின்ஸ்டனிடம் 38க்கு 8 என்று தோற்றார்கள். அது 35ஆவது. நார்த்வெஸ்டர்ன் அணி 1979லிருந்து 1982 வரை தொடர்ந்து தோற்ற 34 ஆட்டம்தான் அதுவரை பெரிய அணிகளின் கணக்கில் மோசமான வரிசை. அதை முந்திவிட்டார்கள். கேமராக்காரர்கள் கல்லூரி வாசலுக்கே வந்தார்கள். முன்பு யாருக்கும் தெரியாத பையன்களைத் திடீரென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 19 திங்கட்கிழமை, பங்குச்சந்தை விழுந்தது. டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 508 புள்ளி, நூற்றுக்கு 22 விழுக்காட்டுக்கு மேல். கடைசி வருடப் பையன்கள் பாதிப் பேர் வால் ஸ்ட்ரீட் வேலைக்குத்தான் மனு போட்டிருந்தார்கள், அவனும்தான். அந்த வியாழக்கிழமை அவன் வருவானா என்று நினைத்தேன். எட்டு மணிக்கு ஈரத் தலையோடு வந்தான். வீட்டுப்பாடம் ஆறாவது கணக்கு புரியவில்லை என்றான்.

அந்தச் சீசனில் மூன்று ஆட்டங்களுக்குப் போனேன். ஒரு டாலர் டோக்கன் போட்டு 116ஆம் தெருவில் ஒன்றாம் எண் ரயில் ஏறினால், 125ல் வெளிச்சத்துக்கு வந்து மேம்பாலத்தில் நிற்கும். பிறகு மறுபடி சுரங்கம். டைக்மன் தெருவில் மீண்டும் வெளியே. 215ல் இறங்கி இரும்புப் படிக்கட்டில் கீழே வந்தால் மைதானம் நடை தூரம். பின்னால் ஹார்லெம் ஆறு. அக்கரைப் பாறையில் நீலமும் வெள்ளையுமாகப் பிரம்மாண்டமான ஒரு C எழுத்து. 1952ல் படகோட்டும் மாணவர்கள் வரைந்தது. களத்தில் எந்த மூலையில் விழுந்தாலும் எழுந்திருக்கும்போது அந்த எழுத்து கண்ணில் படும் என்று அவன் சொல்லியிருந்தான்.

எனக்கு ஆட்டம் புரியாது. ஆகவே அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது முறை குனிந்தான், எழுபது முறை மோதினான். பல முறை கீழே கிடந்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் முதல் காரியமாக, பக்கத்தில் கிடக்கும் தன் அணிக்காரனுக்குக் கை கொடுத்துத் தூக்குவான், டேப் இல்லாத கையை. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் முடிவு தெரிந்த பிறகும் இதே. புள்ளிப் பலகையை அவன் ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்து நான் பார்க்கவில்லை. முடிந்ததும் வரிசையாக நின்று எதிரணியோடு கை குலுக்கினார்கள். கேட்டுக்கு வெளியே பெற்றோர்கள் கார் டிக்கியைத் திறந்து வைத்து, அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச்சோடு காத்திருந்தார்கள். அவன் அம்மா எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் சைவம் என்றதும், நடுவில் இருந்த கறியை எடுத்துவிட்டுக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஆப்பிளை வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு வாரம் ஒரு ஏர் லெட்டர் எழுதும் வழக்கம். இந்தப் பையனைப் பற்றி இரண்டு கடிதத்தில் எழுதினேன். அப்பா பதிலில் கேட்டது ஒரே கேள்வி: பிள்ளை படிப்பில் எப்படி? நல்ல மதிப்பெண்தான் வாங்கினான்.

தோல்வி ஒழுக்கத்தைத் தரும், மனத்தை உறுதியாக்கும் என்று அந்தக் காலத்தில் நல்லெண்ணத்தோடு நிறையப் பேர் அவர்களிடம் சொன்னார்கள். அவனுக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காமல் போனது அவனால்தான். தோற்பது வலிக்கிறது, அவ்வளவுதான் என்பான். ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையிலிருந்து எழுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அப்போது உடம்பு வலிக்கிறதா தோற்றது வலிக்கிறதா என்று பிரிக்க முடியாது. பிறகு ஏன் போகிறாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். யோசித்துத்தான் சொன்னான். விட்டுவிட்டால் என் இடத்தில் இன்னொருத்தன் நிற்க வேண்டும், அவன் என்னைவிடச் சின்னவன், அடி தாங்கமாட்டான் என்றான். பயிற்சிக்குப் போகும் பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்காரும் இரண்டாமாண்டுப் பையன் ஒருவனைப் பற்றி அடிக்கடிச் சொல்வான். அவனுக்குக் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

1988 மே மாதம் பட்டமளிப்பு. வேலை வேறு ஊரில் கிடைத்தது, வால் ஸ்ட்ரீட் இல்லை. நூலகப் படிக்கட்டில் வெளிர்நீல அங்கியோடு நின்றான். விரல்களில் டேப் இல்லாமல் அவன் கையை அன்றுதான் பார்த்தேன். வலது சுண்டு விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அடுத்த சீசனின் முதல் மூன்று ஆட்டமும் போயின. 44. அக்டோபர் 8, 1988 சனிக்கிழமை, ஹோம்கமிங், அதாவது பழைய மாணவர்கள் ஊர் திரும்பி ஆட்டம் பார்க்கும் நாள். எதிரணி பிரின்ஸ்டன். அதன் குவார்ட்டர்பேக் ஜேசன் கேரட். மூன்று வருடம் முன்னால் கொலம்பியாவைவிட்டுப் போன ஜிம் கேரட்டின் பையன்களில் ஒருவர். (பின்னாளில் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானவர்.) நான்காவது கால்பகுதியில் சாலமன் ஜான்சன் கோட்டைத் தாண்டி கொலம்பியாவை முன்னால் கொண்டுவந்தார். 16க்கு 13. கடைசி நொடிகளில் பிரின்ஸ்டன் தூரத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல் உதைத்தது, கோல் கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று புள்ளி. போயிருந்தால் சமன். பந்து எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. கேலரி மொத்தமும் களத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தைச் சாய்த்தது.

நான் போகவில்லை. முந்தைய வருடம் மூன்று தோல்விகளைப் பார்த்தவன், அன்று என் அறையில் கணினி அச்சுத்தாளைப் பரப்பிக்கொண்டு ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். என் ஆள் அணியில் இல்லை, போய் என்ன என்று நினைத்தேன். இன்றுவரை எனக்கு உறுத்துவது அது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அந்தச் சீசனில் இன்னொரு ஆட்டமும் ஜெயித்து இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடித்தார்கள். 1996ல் எட்டு வெற்றி, இரண்டு தோல்வி. டெக்சஸின் பிரெய்ரி வியூ அணி தொண்ணூறுகளில் 80 ஆட்டம் தொடர்ந்து தோற்று, 1998ல் மீண்டது. கொலம்பியாவின் வரிசையை அது எங்கேயோ பின்னால் தள்ளிவிட்டது. கொலம்பியாவுக்கு 2013லும் 2014லும் மறுபடி பத்துக்குப் பத்து தோல்வி. 2024 நவம்பரில் ஐவி பட்டத்தை மூன்று பேரில் ஒருவராகப் பகிர்ந்துகொண்டார்கள், 1961க்குப் பிறகு முதன்முறையாக. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் படித்தபோதுதான் பெட்டியிலிருந்து பழைய ஏர் லெட்டர்களை எடுத்தேன். அப்பா எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தார்.

1988 அக்டோபர் 8 இரவு ஒன்பது மணி இருக்கும். 112ஆம் தெருவில் என் வீட்டு அழைப்புமணி அடித்தது. அவன்தான். ஹோம்கமிங்குக்கு வந்திருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. தொண்டை கட்டிப்போய்க் குரல் வரவில்லை. கோட்டும் டையும், கோட்டின் ஒரு தோளில் தையல் பிரிந்திருந்தது. வாசலிலேயே நின்று இரண்டே வார்த்தை சொன்னான். "வீ வன்."

உட்காரவைத்தேன். ரசமும் உருளைக்கிழங்கும் இருந்தன. ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன், தொண்டைக்கு நல்லது என்று. மிளகு ஏறிக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு கோப்பை கேட்டான். பிறகு ஆட்டத்தை முழுக்கச் சொன்னான். கடைசி உதை காற்றில் இருந்தபோது தன் பழைய அணிக்காரர்கள் ஆறேழு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னான். பந்து விழுந்ததும் மற்றவர்கள் களத்துக்கு ஓடினார்கள். இவர்கள் கொஞ்ச நேரம் கேலரியிலேயே நின்றார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பையன், இப்போது மூன்றாமாண்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கேலரியில் இவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினான். அப்போதுதான் இவனும் இறங்கி ஓடினான். கோட்டுத் தையல் பிரிந்தது அங்கே.

"பொறாமையா இருந்தது" என்றான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "அதையும் உங்ககிட்ட சொல்லணும். ரொம்ப சந்தோஷம். பொறாமையும் இருந்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் ஆட்டத்துக்குப் போகாததைச் சொன்னேன். அப்போ நாம ரெண்டு பேரும் அந்தப் பக்கம்தான் என்று சிரித்தான்.

அவன் போன பிறகு அப்பாவுக்கு ஏர் லெட்டர் எழுத உட்கார்ந்தேன். அவன் சொன்ன அந்த இரண்டு வார்த்தையைத் தமிழில் எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. நாங்கள் ஜெயித்தோம் என்று எழுதினால், அது என்னைச் சேர்க்காத அவர்கள் நாங்கள். நாம் ஜெயித்தோம் என்றால், கதவைத் திறந்த என்னையும் சேர்த்துக்கொண்ட நாம். அவன் எதைச் சொன்னான்? ஆங்கிலத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. களத்தில் ஆடாத அவனே அந்த வார்த்தைக்குள் எந்த இடத்தில் நின்று சொன்னான் என்றும் தெரியவில்லை. முன்னால் எதுவும் போடாமல், "ஜெயித்துவிட்டோமாம் அப்பா" என்று எழுதினேன். பிறகு "மாம்" இரண்டெழுத்தையும் அடித்து "ம்" போட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வீட்டு விஷயம், மழை, தங்கைக்கு வந்த வரன் எல்லாம் எழுதிவிட்டு, மடிக்கிற இடத்தில் மீதமிருந்த இடுக்கில் அப்பா எழுதியிருந்தார்: உன் சினேகிதப் பையன் ஜெயித்தது சந்தோஷம். விரல் சரியாயிற்றா?

மோதிர விரல் பரவாயில்லை, சுண்டு விரல் இனி நேராகாதாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதினேன்.